அழகு வண்டியா? அடாவடி வண்டியா?



நம்ம பாலிடெக்னிக் சைக்கிள் ஸ்டாண்டை ஒரு தடவை சுற்றி வாருங்கள். பேருக்குத்தான் சைக்கிள் ஸ்டாண்டு, நிற்பதெல்லாம் பைக். ஒன்றில் சைலன்சர் பாதிதான் இருக்கும். இன்னொன்றில் பின் மட்கார்டே இருக்காது. மூன்றாவதில் நம்பர் பிளேட்டில் எது எண், எது பூ வேலைப்பாடு என்று பிரிக்க முடியாது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் கார்கள். முன்னால் இரும்புக் குழாய், அடியில் நீல விளக்கு, பாடியை விட்டு ஒரு சாண் வெளியே துருத்தி நிற்கும் சக்கரம். ஹாரன் அடித்தால் தெருநாய் ஒரு பக்கம் ஓடுது, கைக்குழந்தை இன்னொரு பக்கம் வீறிடுது.

இதைப் பார்த்து "என்னடா இது கேவலமான டேஸ்ட்டு!" என்று சிரிக்கிறவன் ஒருத்தன். "செம மாஸ்டா மாப்ளே!" என்று வாய் பிளக்கிறவன் இன்னொருத்தன். இவன் சரியா, அவன் சரியா என்று நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை பட்டிமன்றமே நடந்திருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு பேருமே தப்பான ஸ்கேலை வைத்து அளக்கிறார்கள். ஒரு வண்டியை மாற்றிக் கட்டுவது பார்க்க அழகா, அசிங்கமா என்பது முதல் கேள்வியே இல்லை. அந்த ஆசைக்கு விலை கொடுப்பது யார்? வண்டிக்காரனா, வழியில் போகிறவனா? இதுதான் முதல் கேள்வி.

விசித்திரம் வேறு, ரசனைக்கேடு வேறு. பாலையும் தண்ணீரையும் அன்னப்பறவை பிரிக்கும் என்று தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார் அல்லவா? அந்த மாதிரி நாமும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இதற்கு முதல் சாட்சியே ஒரு அன்னப்பறவைதான்!

கல்கத்தாவில் வந்த அன்னம்

1910-ஆம் ஆண்டு. கல்கத்தாவில் ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்ற பணக்கார வெள்ளைக்காரர் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரில் இருந்த புரூக் கம்பெனியில் சொல்லி ஒரு கார் கட்டினார். காரின் முன்பக்கம் முழுக்க ஒரு பெரிய அன்னப்பறவை. கழுத்து, தலை, அலகு எல்லாம் அச்சு அசல். கண்ணுக்குப் பதில் மின்விளக்கு. எக்ஸாஸ்ட் காற்றில் இயங்கும் இசைக்குழல் ஹாரன். அந்தக் காலத்துக்கு அது அசாத்தியமான கைவேலை. நம்ம ஃபவுண்டரி, கார்பென்டரி, ஷீட் மெட்டல் லேப் மூன்றும் சேர்ந்தாலும் அந்தக் கழுத்து வளைவை எடுப்பது கஷ்டம்.

ஆனால் அந்த அன்னம் என்ன வேலை செய்தது தெரியுமா? தெருவில் கூட்டம் நின்றால் அலகிலிருந்து சுடச்சுட நீராவி பீய்ச்சி ஜனங்களை விரட்டியது! பின்பக்கம் ஒரு வால்வைத் திறந்தால் பறவை எச்சம் போடுவது போலச் சுண்ணாம்புக் கரைசல் ரோட்டில் கொட்டும். மாத்யூசனுக்கு அது தமாஷ். நடந்து போன கூலிக்காரனுக்கும் மாட்டு வண்டிக்காரனுக்கும் அது தமாஷாகவா இருந்திருக்கும்? வண்டி வந்தாலே கலாட்டா என்று கடைசியில் போலீஸே அதைத் தெருவில் ஓட்டக்கூடாது என்று தடுத்தது.

அதற்குப் பிறகு அது நாபா மகாராஜா கைக்குப் போனது. இன்று நெதர்லாந்து நாட்டில் ஹேக் நகரிலுள்ள லௌமன் மியூசியத்தில் பளபளவென்று நிற்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்த்து ஜனங்கள் ரசிக்கிறார்கள். ரசிக்கட்டும், தப்பில்லை. அதன் அலகு இப்போது யாரையும் சுடவில்லை. கார் அதே கார்தான். தெருவில் அடாவடியாக இருந்தது, மியூசியத்தில் அழகாகி விட்டது! அப்படியானால் கோளாறு உருவத்தில் இல்லை என்றுதானே அர்த்தம்?

கலிபோர்னியாவில் குதித்த கார்

இனி இதற்கு நேர் எதிரான கதை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களுக்கு ஒரு பழக்கம். பழைய ஷெவர்லே கார் ஒன்றை வாங்கி, உயரத்தைக் குறைத்து, கலர் கலராகப் பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு ஊர்வலம் மாதிரி மெதுவாக ஓட்டுவார்கள். 'லோரைடர்' என்று பெயர். மற்ற இடத்துப் பையன்கள் வேகத்துக்கு வண்டி கட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் கட்டியது மெதுவாகப் போவதற்கு!

பார்க்கிறவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1958-லிருந்து அங்கே ஒரு சட்டம் வந்தது. காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது என்றார்கள். இளைஞர்கள் சும்மா இருந்தார்களா? 1959-ல் ரான் அகிர்ரே என்பவர் பழைய விமானங்களிலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் பம்பை வாங்கித் தன் காரில் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் சட்டப்படியான உயரத்துக்கு ஏறும், இன்னொரு தட்டு தட்டினால் இறங்கும்! நம்ம ஃபுளூயிட் பவர் பாடத்தில் வரும் அதே பம்ப், வால்வு, சிலிண்டர்தான். பின்னால் கார்களைக் குதிக்க வைக்கிற அளவுக்கு அந்த வித்தை வளர்ந்தது.

'ஜிப்சி ரோஸ்' என்று ஒரு கார் உண்டு. 1964 மாடல் ஷெவர்லே இம்பாலா. உடம்பு முழுக்க ரோஸ் கலர், அதன் மேல் கையால் வரைந்த ரோஜாப் பூக்கள். நம்ம ஊரில் ஓட்டினால் "கல்யாண ஜாக்கெட் துணியைச் சுத்தி வச்சிருக்கான்" என்று கேலி பேசுவோம். ஆனால் 2017-ல் அந்தக் காரை அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடம் இருக்கும் திடலிலேயே கொண்டு போய், தேசத்தின் வரலாற்று வாகனங்களில் ஒன்று என்று மரியாதையாகக் காட்சிக்கு வைத்தார்கள். அந்த 1958 சட்டமும் கடைசியில் மாறியது. 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தடை கலிபோர்னியாவில் இல்லை.

அதே அமெரிக்காவில் இன்னொரு மாநிலம் வடக்கு கரோலினா. அங்கே இளைஞர்கள் பிக்கப் லாரியின் முன்பக்கத்தைத் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, குந்தி உட்கார்ந்த நாய் மாதிரி ஓட்டினார்கள். முன்னால் பானெட் தூக்கி நின்றால் டிரைவருக்கு எதிரே ரோடு தெரியுமா? குறுக்கே போகிற குழந்தை தெரியுமா? எதிரே வருகிறவன் கண்ணில் ஹெட்லைட் நேராக அடிக்குமா இல்லையா? 2021 டிசம்பர் முதல், முன் மட்கார்டு பின் மட்கார்டை விட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி மாற்றக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. ஒன்று ஒரு கூட்டத்தாரின் ரசனையைத் தொந்தரவு செய்தது, 65 வருஷம் கழித்துச் செத்தது. மற்றது குழந்தையின் உயிரைப் பார்த்துப் போட்டது. நம்ம அளவுகோல் எது மாதிரி இருக்க வேண்டும்?

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம்ம ஊரிலும் முதல் சிரிப்பு ஏழையின் வண்டியைப் பார்த்துத்தான் வருகிறது.

என் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். முன் கண்ணாடிக்கு மேலே குலசாமி பேர், பின்னால் எங்க அக்கா பேரும் என் பேரும். டேஷ்போர்டில் பிளாஸ்டிக் மாலை, சின்ன சீரியல் லைட்டு. "என்ன இது திருவிழாத் தேர் மாதிரி" என்று ஒருத்தர் கேட்டார். எங்க குடும்பத்தில் யாரும் அதுவரை சொந்தமாக வண்டி வைத்திருந்ததில்லை. அஞ்சு வருஷக் கடனுக்கு வாங்கிய முதல் வண்டிக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்துப் பார்க்கிற ஆசை அது. அதனால் யார் காது செவிடாகிறது? யார் கால் ஒடிகிறது? ஷேர் ஆட்டோவில் நடிகர் படம், மினி பஸ்ஸில் குஞ்சம், டிராக்டரில் மயிலிறகு, இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போகலாம். அவ்வளவுதான்.

அதே சமயம் கறுப்புக் கலரில், ஒரு ஸ்டிக்கர் கூட இல்லாமல், கம்பீரமாக ஒரு பெரிய கார் வருகிறது. முன்னால் மட்டும் கனத்த இரும்புக் குழாய். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, ஒதுங்கி வழிவிடுகிறோம். கல்கத்தா அன்னத்துக்கு வழிவிட்ட மாதிரியே! எனக்கு ரசனைக்கேடாகத் தெரிவது இந்த இரண்டாவது வண்டிதான். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

இரும்புக் குழாயின் கணக்கு

முதல் வருஷ அப்ளைடு மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறது. வினாடிக்குச் சுமார் 13.9 மீட்டர். அது ஒரு கெட்டியான சுவரில் மோதுகிறது. முன்பக்கத் தகடு நசுங்கி நசுங்கி, 50 சென்டிமீட்டர் தூரத்தில் வண்டி நிற்கிறது என்று வையுங்கள். வேகத்தின் வர்க்கத்தை தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வினாடி வர்க்கத்துக்குச் சுமார் 193 மீட்டர். அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. இதே வண்டி நசுங்க இடமில்லாமல் 10 சென்டிமீட்டரில் நின்றால்? ஏறக்குறைய 98 மடங்கு! பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவன் உடம்பில் விழுகிற அடி ஐந்து மடங்கு.

அதனால்தான் காரின் முன்பக்கத்தை நசுங்குவதற்கென்றே வடிவமைக்கிறார்கள். பேலா பரேனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950-களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1959-ல் வந்த மெர்சிடிஸ் காரில் அது நடைமுறைக்கு வந்தது. "அந்தக் காலத்து வண்டி கல்லு மாதிரி, இப்போ வர்றதெல்லாம் தகர டப்பா" என்று டீக்கடையில் பேசுகிறோமே, அந்த டப்பா நசுங்குவது உள்ளே இருக்கிறவன் நசுங்காமல் இருக்கத்தான்.

இப்போது அதற்கு முன்னால் ஒரு கனத்த குழாயைச் சேசிஸோடு வெல்டு அடித்து, அல்லது போல்ட் போட்டு நிறுத்துகிறோம். என்ன ஆகிறது? கம்பெனி கணக்குப் போட்டு வைத்த நசுங்கும் முறை குழம்புகிறது. மோதலின் வேகக்குறைவை அளந்து ஏர்பேக்கை விரிக்கச் சொல்கிற சென்சாருக்குப் போக வேண்டிய செய்தியும் மாறிப் போகலாம். 2019 ஜூலையிலிருந்து நம்ம நாட்டில் புதிதாக விற்கிற கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். அதைக் காசு கொடுத்து வாங்கி, அதன் வேலையைக் கெடுக்க இன்னொரு காசு கொடுக்கிறோம்.

இது உள்ளே இருப்பவன் பாடு. வெளியே நடந்து போகிறவன் பாடு இன்னும் மோசம். பம்பர் பிளாஸ்டிக், பானெட் மெல்லிய தகடு, இரண்டும் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும். இரும்புக் குழாய் வளையுமா? பெரியவர்களுக்கு இடுப்பு உயரம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நெஞ்சு உயரம், சில வண்டிகளில் தலை உயரம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் குழாய்கள் கூடாது, நடவடிக்கை எடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அப்புறமும் கடைகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வாங்குகிறவன் இருக்கிற வரை தொங்கும்.

காதும் கண்ணும் சேலையும்

காரோடு நிறுத்தினால் நம்ம ஸ்டாண்டு தப்பித்துக்கொள்ளும். அது நியாயமில்லை.

சைலன்சர். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக் கம்பெனியை விட்டு வரும்போது சோதனையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. டெசிபல் என்பது கிலோ மாதிரி கூட்டிக்கொண்டே போகிற கணக்கில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. சைலன்சருக்குள் இருக்கிற தடுப்புத் தகடுகளை வெட்டி எறிந்துவிட்டு "பிக்கப் ஏறுது மச்சி" என்கிறான் நண்பன். ஏறுவது பெரும்பாலும் காதில் ஏறுகிற சத்தம்தான். எக்ஸாஸ்ட் பாதையின் நீளம், குறுக்களவு எல்லாம் என்ஜினோடு சேர்த்துக் கணக்கிட்டது. 2020 ஏப்ரலிலிருந்து வருகிற பி.எஸ்.6 வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாரும் புகையைச் சுத்திகரிக்கிற கன்வெர்ட்டரும் அந்தப் பாதையிலேயே இருக்கின்றன. அதை வெட்டினால் சத்தத்தோடு விஷப் புகையும் இலவசம். ஆஸ்பத்திரி வாசலில் டபடப என்று முறுக்கிக்கொண்டு போகிறவனுக்கு, உள்ளே ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறவர் என்ன பாவம் செய்தார்?

ஹெட்லைட். ஹாலஜன் பல்பில் இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத்தான் அதன் ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். டிம் அடிக்கிற இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். மேல்நோக்கிப் போகிற வெளிச்சத்தைத் தடுப்பதற்கு அது. அந்த இடத்தில் கடையில் கிடைத்த வெள்ளை வெளேர் பல்பை மாட்டினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவன் கண்ணில் விழுகிறது. நமக்கு ரோடு பளிச்சென்று தெரியும். எதிரே டி.வி.எஸ். எக்ஸெல்லில் காய்கறி மூட்டையோடு வருகிற பெரியவருக்கு மூன்று நான்கு வினாடி ஒன்றுமே தெரியாது. 50 கி.மீ. வேகத்தில் மூன்று வினாடி என்றால் 40 மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி.

ஸ்பிரிங். காரைத் தாழ்த்த காயில் ஸ்பிரிங்கை கட்டிங் வீலில் அறுக்கிறார்கள். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும் என்று மெஷின் டிசைனில் படித்தோம். 8 சுற்றில் 2-ஐ அறுத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, அசைய இருக்கிற இடமோ குறைகிறது. ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்குவது பின் சீட்டில் இருக்கிற பாட்டியின் முதுகு.

கடைசியாக சேலை கார்டு. இதைச் சொல்லத்தான் இந்தப் பகுதியே எழுதினேன். பைக் வாங்கி வந்த மறுநாளே நம்ம பசங்க முதலில் கழற்றுகிற சாமான் எது? சேலை கார்டு! "அது இருந்தா அங்கிள் வண்டி மாதிரி இருக்கு" என்கிறார்கள். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதியாவது மறைய வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. எதற்காக அப்படி ஒரு விதி? சேலையும் துப்பட்டாவும் உடுத்துகிற நாடு இது. வண்டி எப்போதும் பசங்களை மட்டுமா ஏற்றிக்கொண்டு போகிறது? ஒரு நாள் அம்மாவைக் கோயிலுக்கு, ஒரு நாள் அக்காவைப் பஸ் ஸ்டாண்டுக்கு. சக்கரம் முந்தானையை இழுத்தால் நாம் பிரேக்கைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்டைலுக்காகக் கழற்றிய அந்த நாலு கம்பியை வீட்டுப் பரணில் போட்டிருப்பீர்கள். இன்றைக்குப் போய்த் தேடுங்கள்.

அப்படியென்றால் எதையுமே மாற்றக் கூடாதா?

யார் சொன்னது? வண்டியை மாற்றிக் கட்டுவது நம்ம தமிழ்நாட்டின் தொழில். கரூரில் வெறும் சேசிஸ் வந்து பஸ்ஸாகப் போகிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் லாரி மேல் போர்வெல் ரிக் ஏறி நாடெல்லாம் போய்த் தண்ணீர் தேடுகிறது. நம்ம சீனியர்களில் எத்தனை பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள்!

எனக்குத் தெரிந்த மிக அழகான வாகன மாற்றம் எது தெரியுமா? ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்துவது. கால் நடக்காதவரை ஊர் சுற்ற வைக்கிற மாற்றம். மாற்றுத்திறனாளிகளுக்கு நம்ம மாநில அரசே அந்த ஸ்கூட்டரை இலவசமாகக் கொடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்படிப்பட்ட வண்டிக்குத் தனி இடம் இருக்கிறது. பார்க்க அது 'மாஸ்' இல்லை, சினிமாவில் ஹீரோ அதில் என்ட்ரி கொடுப்பதில்லை. ஆனால் ஒரு மனுஷனுக்கு வேலைக்குப் போகிற வழியைத் திறந்துவிடுகிறது.

இங்கே ஒரு நண்பர் மடக்குவார்: "ஏழை வண்டி என்றால் விட்டுவிடுவாயா? சென்னையில் மீன்பாடி வண்டி ஓடுதே, அது என்ன?" நல்ல கேள்வி. சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் பழைய மோட்டார் என்ஜினை மாட்டி ஓட்டுவது அது. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த கெட்டிக்கார வேலை. ஆனால் மிதிக்கிற வேகத்துக்குச் செய்த பிரேக்கும் சட்டமும் என்ஜின் வேகத்தைத் தாங்குமா? இரும்புக் கம்பி முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலில் வந்தால் எதிரே நிற்கிறவன் கதி? நிச்சயமாக அதுவும் தப்புதான். ஏழைக்கென்று உராய்வு விதி மாறாது. ஆனால் அவனுக்குத் தேவை கேலி இல்லை, நல்ல பிரேக்கோடு குறைந்த விலையில் ஒரு வண்டி. அதைச் செய்ய வேண்டியது யார்? எந்த வேலைக்குப் போவது என்று கேட்கிற நாம்தான்.

சட்டமும் நம்ம அளவுகோலும்

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றுகிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் போடலாம்.

ஆனால் சட்டத்தின் கேள்வி "ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா?" என்பது. போலீஸ்காரர் இல்லாத ரோட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கிராமத்து ரோட்டில் நாம் மட்டும்தான் இருக்கிறோம். "இதனால் யாருக்கு வலிக்கும்?" என்ற கேள்வியை அங்கேயும் நம்மால் கேட்டுக்கொள்ள முடியும்.

வெல்டிங் ராடு நம்ம கையில்

தோழர்களே, இந்த மலரைப் படிக்கிற நாம் வெறும் வேடிக்கை பார்க்கிறவர்கள் இல்லை. இந்தக் குழாயை வளைப்பது, சைலன்சரை வெட்டுவது, ஸ்பிரிங்கை அறுப்பது எல்லாம் எந்தக் கை? ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிற கை. நாளைக்கு நம்ம கை.

போன வருஷம் லீவில் ஒரு பட்டறையில் எடுபிடி வேலை பார்த்தேன். ஒருத்தர் வேனைக் கொண்டு வந்து, முன்னால் குழாய் அடிக்கச் சொன்னார். மேஸ்திரி எட்டாவது வரை படித்தவர். "இது வேண்டாங்க, பிள்ளைங்க குறுக்க ஓடுற ஊரு. வேற கடை பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்கு இரண்டாயிரமாவது நஷ்டம். இம்பாக்ட், எனர்ஜி, ஸ்டிரெஸ் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்குகிற நமக்கு அந்தத் தைரியம் வருமா? "ஓனர் கேட்டார், அடிச்சுக் கொடுத்தேன்" என்று சொல்வதற்கு டிப்ளமோ எதற்கு? கட்டிங் வீல் பிடிக்கத் தெரிந்தாலே போதுமே.

ஒர்க்ஷாப் முதலாளி வற்புறுத்தினால் முதல் மாசச் சம்பளத்தை நம்பி இருக்கிறவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். வீட்டில் கடன் கட்டக் காத்திருக்கும்போது முடியாது என்று சொல்வது லேசில்லை. அதனால்தான் ஒருத்தன் மட்டும் சொல்லாமல் ஒரு செட்டே சேர்ந்து சொல்ல வேண்டும். ஒரு ஊரில் இருக்கிற பட்டறைகளில் பத்து இடத்தில் நம்ம ஆட்கள் இருந்து, பத்துப் பேரும் "குழாய் அடிக்க மாட்டோம், சைலன்சர் வெட்ட மாட்டோம்" என்றால் பதினோராவது பட்டறைக்காரரும் யோசிப்பார்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். அடுத்த பருவத்தில் ஒரு சனிக்கிழமை, ஆட்டோமொபைல் லேப்பைத் திறந்து வைப்போம். ஸ்டாண்டில் நிற்கிற நம்ம வண்டிகளையே வரிசையாக விட்டு, கழற்றிய சேலை கார்டை மாட்டுவோம். வெட்டிய சைலன்சருக்குப் பதில் ஒரிஜினலை ஏற்றுவோம். ஹெட்லைட்டைச் சுவரில் அடித்து உயரம் சரிபார்ப்போம். ஸ்பேனர் நம்மிடம் இருக்கிறது, சொல்லிக் கொடுக்க வாத்தியார்கள் இருக்கிறார்கள், செலவு டீ செலவுதான்.

அப்புறம் அவரவர் வண்டிக்கு என்ன கலர் வேண்டுமோ அடியுங்கள். அனுமதி வாங்கி ரோஸ் கலரே அடித்து ரோஜாப் பூ வரையுங்கள். குலசாமி பேர் எழுதுங்கள், காதலி பேரின் முதல் எழுத்தை எழுதுங்கள், குஞ்சம் கட்டுங்கள். நான் முதல் ஆளாக வந்து கை தட்டுவேன். அடுத்தவன் கண்ணையும் காதையும் காலையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

சிந்திப்போம்! சேர்ந்து செய்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு